விலை அதே 10 ரூபாய்... எடை எங்கே போச்சு?

பத்து ரூபாய் மிக்ஸர் பாக்கெட்டைப் பிரித்தால் பாதி காற்று. பிஸ்கட் பாக்கெட்டோ உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. விலை மட்டும் அப்படியே! விலையை ஏற்றாமல் எடையைக் குறைக்கும் இந்த உத்திக்கு 'ஷ்ரிங்க்ஃப்ளேஷன்' என்று பெயர்.

ஏன் இப்படி?

பெட்டிக்கடைகளில் அதிகம் விற்பது 5, 10, 20 ரூபாய் பாக்கெட்டுகள்தான். 5 ரூபாய் பிஸ்கட்டை 6 ரூபாய் ஆக்கினால் வாங்குபவர் யோசிப்பார். கடைக்காரர் சில்லறைக்கு அலைவார். அதனால் கிராமில் கை வைக்கிறார்கள். 2022-ல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து குறைந்தது. இந்தோனேசியாவும் பாமாயில் ஏற்றுமதிக்குச் சில வாரங்கள் தடை போட்டது. அந்த ஆண்டில் 55 கிராம் இருந்த ஹல்திராம்ஸ் ஆலு புஜியா பாக்கெட் 42 கிராம் ஆனது.

13 கிராம்தானே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 ரூபாய்க்கு 55 கிராம் என்றால், 100 கிராம் 18 ரூபாய். 42 கிராம் என்றால், கிட்டத்தட்ட 24 ரூபாய். அதாவது, 31 சதவிகித விலையேற்றம்!

மாத மளிகையை மொத்தமாக வாங்குபவர்கள் இதைச் சமாளித்துவிடலாம். அன்றன்றைய கூலியில் எண்ணெய், டீத்தூள், பிஸ்கட் என்று சின்னச் சின்னதாக வாங்கும் குடும்பங்களுக்குத்தான் பலத்த அடி. காசு அதேதான், பொருள் மட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு பிஸ்கட், டீ, காபி, சமையல் எண்ணெய் உள்பட 19 வகைப் பொருள்களுக்கு பேக்கிங் அளவுகளை அரசே வகுத்திருந்தது. 2022-ல் அந்தப் பட்டியல் நீக்கப்பட்டது. இப்போது எந்த அளவிலும் பேக் செய்யலாம். 1 லிட்டர் போலவே தோன்றும் 850 மில்லி எண்ணெய் பாக்கெட் சட்டப்படி தவறில்லை. அச்சிட்ட அளவைவிடக் குறைவாக இருந்தால்தான் குற்றம். இந்தத் தளர்வுக்கு ஈடாக, ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. எம்.ஆர்.பி-க்குப் பக்கத்தில் 'யு.எஸ்.பி' என்று பொடி எழுத்தில் இருப்பது அதுதான்.

கடையில் கவனிக்க...

* இரண்டு பிராண்டுகளை ஒப்பிடும்போது எம்.ஆர்.பி-யை விட்டுவிட்டு யு.எஸ்.பி-யைப் பாருங்கள்.

* பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நினைக்காதீர்கள். சில பொருள்களில் சின்ன பாக்கெட்டே லாபம்.

* எண்ணெயில் லிட்டரையும் கிலோவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1 லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம்தான்.

* 'புதிய பேக்' என்று டிசைன் மாறியிருந்தால், முதலில் எடையைப் பாருங்கள்.

* 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜி.எஸ்.டி 18-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. அந்தப் பலன் உங்கள் 5 ரூபாய் பாக்கெட்டில் கூடுதல் கிராமாக வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

* அச்சிட்ட எடை இல்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது தொழிலாளர் துறை. மாவட்ட தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்திலும் முறையிடலாம்.

அடுத்த முறை பாக்கெட்டை எடுத்ததும் விலையோடு நிறுத்தாமல், பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். போன மாதம் எத்தனை கிராம் என்று மளிகை லிஸ்ட்டில் குறித்து வைத்தால் இன்னும் நல்லது.