பத்துப் பேர் போதுமா, பன்னிரண்டு பேர் வேண்டுமா?

அமெரிக்காவில் சிறுவர் முதல் தாத்தா வரை பலருக்கும் பேஸ்பால் என்றால் உயிர். அங்கே மைதானத்துக்கே போகாமல், மட்டையைத் தொடாமல், அணி வைத்து நடத்தும் ஒரு விளையாட்டும் உண்டு. அதற்குக் கற்பனை பேஸ்பால் என்று பெயர். வீரர்கள் நிஜம், அணி மட்டும்தான் கற்பனை!

1980-ல் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் இதற்கு ஒழுங்கான விதிகள் வகுத்தார்கள். நியூயார்க்கில் அவர்கள் கூடிச் சாப்பிட்ட உணவகத்தின் பெயரில் 'ரோட்டிஸெரி' என்ற சொல் இருந்தது. அதையே லீக்கின் பெயராக வைத்துவிட்டார்கள். கம்பியில் குத்திச் சுழற்றி வாட்டும் கோழிக்கும் பேஸ்பாலுக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் இல்லை.

விளையாடுவது எப்படி? பத்து நண்பர்கள் உட்கார்ந்து ஏலம் போடுவார்கள். ஒவ்வொருவர் கணக்கிலும் 260 டாலர். அதற்குள் 23 வீரர்களை வாங்க வேண்டும். மட்டை பிடிப்பவர்கள் 14 பேர், பந்து வீசுபவர்கள் 9 பேர். (தொடக்கத்தில் நிஜப் பணம் வைத்தே ஆடினார்கள். நாம் பேசுவது காகிதக் கணக்கை மட்டும்தான், சரியா?) பிறகு அந்த வீரர்கள் நிஜப் போட்டிகளில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டியதுதான். உதாரணமாக, யாருடைய வீரர்கள் அதிக 'ஹோம் ரன்' அடித்தார்களோ அவருக்கு 10 புள்ளி, அடுத்தவருக்கு 9, கடைசி ஆளுக்கு 1. பேஸ் திருடுவதற்கும் புள்ளி உண்டு. இந்தத் திருட்டுக்குத் தண்டனை கிடையாது! இப்படி முதலில் எட்டுப் பிரிவுகள் இருந்தன. கணினி வீட்டுக்கு வராத காலத்தில் செய்தித்தாளைப் பார்த்துக் கையாலேயே கூட்டினார்கள். கணக்கு வாத்தியாருக்கு இதைவிட நல்ல வீட்டுப் பாடம் கிடைக்குமா?

இப்போது ஒரு சிக்கலைப் பார்ப்போம். பத்துப் பேர் இரண்டு வருடமாக ஆடி வருகிறார்கள் என்று வையுங்கள். மேலும் இரண்டு பேர் "எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று வந்து நிற்கிறார்கள். பழைய ஆட்களில் ஒருவரோ, "பிரிவுகளைக் கூட்டுவோம், அப்போதுதான் சுவாரசியம்" என்கிறார். என்ன செய்யலாம்?

முதலில் ஆட்களைக் கூட்டுவதைப் பார்ப்போம். அமெரிக்காவின் பெரிய லீக்கில் 30 அணிகள். அணிக்கு 26 வீரர்கள் என்றால் மொத்தம் 780 பேர். பத்து நண்பர்கள் எடுப்பது 230 பேரைத்தான். எல்லார் அணியிலும் நட்சத்திரங்களே இருப்பார்கள். பன்னிரண்டு பேர் என்றால் 276. இன்னும் 500 பேருக்கு மேல் மீதம் இருக்கிறார்களே, என்ன கஷ்டம் என்றுதானே கேட்கிறீர்கள்?

கஷ்டம் கேட்சரிடம் இருக்கிறது. மட்டையாளருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்தான் கேட்சர். வழக்கமான விதிப்படி ஒவ்வொருவரும் இரண்டு கேட்சர்களை வாங்க வேண்டும். நிஜ அணிக்கு ஒரு முதன்மைக் கேட்சர் என்றால் மொத்தம் 30 பேர்தான். பத்து நண்பர்களுக்கு 20 பேர் போதும். பன்னிரண்டு பேருக்கு 24. பதினைந்து பேர் ஆடினால் 30 பேரும் தீர்ந்துபோவார்கள். பதினாறாவது ஆள் வந்தால் இரண்டாம் நிலை கேட்சரைத்தான் தேட வேண்டும். முழங்கால் வலிக்க ஆடுகிற வேலை என்பதால் முதன்மைக் கேட்சருக்கு அடிக்கடி ஓய்வு கொடுப்பார்கள். அந்த நாட்களில் மட்டும் ஆடும் வீரரின் பெயர் யாருக்குத் தெரியும்? அதைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு ஏலத்தில் கொண்டாட்டம். தெரியாத புது ஆள் திணறுவார்.

பிரிவுகளைக் கூட்டுவதும் அப்படித்தான். எட்டாக இருந்தது பின்னாளில் பத்தானது. ஓட்டங்களும், பந்து வீசுபவர் மட்டையாளரை 'அவுட்' ஆக்கும் 'ஸ்ட்ரைக் அவுட்'டும் சேர்ந்தன. சிலர் ஒரு பிரிவையே மாற்றுவதும் உண்டு. பந்து வீசுபவர் நான்கு பந்துகளைத் தப்பாக வீசினால் மட்டையாளர் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். அடிக்கும் சராசரியில் இது கணக்கில் வராது. அதை எடுத்துவிட்டு, பேஸை எட்டும் சராசரியை வைத்தால் இதுவும் கணக்கில் வரும். உடனே, பொறுமையாக நிற்கும் வீரருக்கு விலை ஏறிவிடும். ஒரே ஒரு பிரிவு மாறியதற்கு ஏலப் பட்டியலே தலைகீழ்!

என்னைக் கேட்டால், அந்த இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பேன். ஆனால் அதே வருடம் பிரிவுகளைத் தொடக்கூடாது. ஏன் தெரியுமா? நிஜ அணி ஒவ்வொன்றும் ஒரு வருடத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஆறு மாதம் விடாமல் கவனிக்க வேண்டும். கணக்குப் புரியாதவர் ஆகஸ்டு மாதத்தில் கடைசி இடத்துக்குப் போனதும் தன் அணியைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார். காயம்பட்ட வீரர்கள் அப்படியே கிடப்பார்கள். அவருக்கு மேலே இருப்பவர்கள் உழைக்காமலே புள்ளி வாங்குவார்கள். உழைத்து முன்னேறியவருக்கு அது கோபம் வராதா? பாதியில் விட்டுப் போனவரை அடுத்த வருடம் யாரும் கூப்பிடவும் மாட்டார்கள்.

இன்னொன்று. பிடித்த வீரரை அடுத்த வருடத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று சில லீக்குகளில் விதி உண்டு. அப்படி இருந்தால் புதியவர்கள் வரும் வருடம் அதை ஒருமுறை நிறுத்திவிட்டு, எல்லா வீரர்களையும் ஏலத்தில் விட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல வீரர்கள் எல்லாரும் பழையவர்கள் கையிலேயே இருப்பார்கள். புதியவர்களுக்கு மிச்சம் மீதிதான். எந்த மாற்றமானாலும் ஏலத்துக்கு முன்பே ஓட்டெடுப்பு முடிந்துவிட வேண்டும், நடுவில் கூடாது.

சொல்ல மறந்துவிட்டேனே! அந்த ரோட்டிஸெரி லீக்கில் ஜெயித்தவர் தலையில் யூ-ஹூ என்ற சாக்லேட் பானத்தை ஊற்றுவது வழக்கம். ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஓக்ரென்ட் ஒருமுறைகூட அந்த லீக்கில் ஜெயித்ததில்லை. பாவம், சாக்லேட் அபிஷேகம் அவருக்குக் கிடைக்கவே இல்லை!