அசையாத சிப்பும் தேய்வது ஏன்? அதைக் காப்பது எப்படி?

அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத ஃபிளாஷ் நினைவகம், எழுத எழுதத் தேய்கிறது என்றால் நம்ப முடிகிறதா? அதன் நுண்ணறைகளுக்குள் எலெக்ட்ரான்களைச் சிறைப்படுத்தியே தகவல் சேமிக்கப்படுகிறது. எழுதும்போதும் அழிக்கும்போதும் உயர் மின்னழுத்தத்தால் அவை கடந்து செல்லும் மெல்லிய காப்புப் படலம் சிறிது சிறிதாகச் சிதைகிறது.

பென்சிலால் எழுதி ரப்பரால் அழிக்கும் நோட்டை எண்ணிப் பாருங்கள். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப அழித்தால் தாள் கிழிந்துவிடும். ஃபிளாஷிலோ, எழுதிய இடத்தில் மீண்டும் எழுத, 'பிளாக்' எனப்படும் தொகுதி முழுவதையுமே அழித்தாக வேண்டும்.

ஆகவே, ஃபிளாஷை நிர்வகிக்கும் கட்டுப்படுத்தி புதிய தகவலைக் குறைவாகத் தேய்ந்த தொகுதியில் எழுதி, மாறிய முகவரியை அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. இதுவே தேய்மானப் பகிர்வு. ஆலையிலிருந்தே பழுதாக வரும் தொகுதிகளும், பயன்பாட்டில் பழுதாகுபவையும் பட்டியலிட்டு ஒதுக்கப்பட, உபரித் தொகுதிகள் அவற்றின் இடத்தை நிரப்புகின்றன.

உபரியும் தீர்ந்தால் என்னவாகும்? 8 ஜிபி நினைவகம் தேய்ந்து, தொடுதிரையும் பின்புறக் கேமராக் காட்சியும் செயலிழந்ததால், 2021இல் அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

பகிர்வு தேய்மானத்தைப் பரப்புமேயன்றி நீக்காது. ஆதலால், கருவியை வடிவமைப்போர் தேவையற்ற பதிவுகளைக் குறைப்பதே முதன்மையான காப்பு.