அமைதிக் காலத்து வீரம்



செய்யாற்றிலே பல்லாண்டுகள் தலைமையாசிரியனாகப் பணிபுரிந்தவன் நான். எங்கள் ஊரார் அறிந்தவை வயலும் தறியுமே. கடல் எங்களுக்குத் தொலைவு. ஒரு நாள் வகுப்பில் வீர விருதுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்து, "ஐயா, போரில்லாத காலத்தில் போர்க்கப்பலில் இருப்பவர் வீரர் ஆவது எப்படி?" என்று வினவினான். "பகைவன் இல்லாத இடத்தில் வீரத்திற்கு வேலை இல்லை" என்று கூறி அவனை அமர்த்திவிட்டேன். அவ்விடை பிழையானது. அதனைத் திருத்தவே இன்று பேசுகின்றேன்.

நம் அரசு வீரத்தை இருவகையாகப் போற்றுகின்றது. பகைவர்முன் காட்டும் வீரத்திற்குப் பரமவீர சக்கரம், மகாவீர சக்கரம், வீர சக்கரம் என்பன உள. பகைவர் எதிரில் இல்லாதபோது காட்டும் வீரத்திற்கு அசோக சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌரிய சக்கரம் என்பன உள. பின்னவை மூன்றும் 1952-இல் அசோக சக்கரத்தின் மூன்று வகுப்புகளாகத் தோன்றின. 1967-இல் இப்போதைய பெயர்களைப் பெற்றன.

இனி, நிகழ்ச்சிக்கு வருவோம். சிந்துரத்னா என்பது நம் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல். நீருக்கு மேலே டீசல் எந்திரம் ஓடி மின்கலங்களில் மின்சாரத்தைச் சேர்க்கும். நீருக்கடியில் அம்மின்சாரமே கப்பலை இயக்கும். ஆதலின் கப்பலெங்கும் மின்கம்பிகள் செல்கின்றன. அவற்றின் உறை தீப்பற்றினால் எழும் புகை நஞ்சாகும். வீட்டில் தீப்பற்றினால் தெருவுக்கு ஓடலாம். கடலுக்குள் ஓடுவதற்குத் தெரு ஏது? ஆகவே கப்பலைப் பல அறைகளாகத் தடுத்திருப்பர். ஓர் அறையில் தீ மூண்டால் அதன் கதவை இறுக மூடி, ஏனைய அறைகளைக் காப்பர்.

2014 பிப்ரவரி 26-ஆம் நாள், பழுதுபார்க்கப்பெற்ற அக்கப்பல் மும்பைக்கு அப்பால் கடலில் சோதனையில் இருந்தது. அப்போது மூன்றாம் அறையில் புகை சூழ்ந்தது. லெப்டினன்ட் கமாண்டர் கபீஷ் முவால், லெப்டினன்ட் மனோரஞ்சன் குமார் என்னும் அதிகாரிகள் இருவரும் அங்கே தீயோடு போராடித் தம் உயிரை ஈந்தனர். மூச்சுத் திணறிய எழுவர் வான்வழியே மருத்துவமனை சேர்க்கப்பெற்றனர். கப்பல் கரை திரும்பியது. அவ்விருவருக்கும் மறைவுக்குப் பின் சௌரிய சக்கரம் வழங்கப்பெற்றது. கடற்படைத் தலைவர் அட்மிரல் டி. கே. ஜோஷி, அன்றே தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார்.

மாணவர்களே, போர்முனையில் பகைவன்மீது எழும் சினமும் வீரனுக்குத் துணையாக நிற்கும். புகையின்மீது எவர்தாம் சினம் கொள்வர்? அங்கே துணை நிற்பவை கற்ற பயிற்சியும், உடனிருப்போர் பிழைக்கவேண்டும் என்னும் கடமையுணர்ச்சியுமே. அவ்வீரம் போர்முனை வீரத்திற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

அன்று நான் அமர்த்திய மாணவன் இன்று எங்கேனும் இப்பேச்சைக் கேட்பானாயின், தம்பி, உன் வினா நல்ல வினா. இதுவே என் விடை.