ஆசிரியருக்கு யார் பாடம் சொல்லுவது?

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி ஒன்றியத்தில் உள்ள ஊர் பாரிவாக்கம். இப்படிப்பட்ட ஊர்களில் வேலை பார்க்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள், வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போவது வழக்கம். சிலர் உற்சாகமாகத் திரும்புவார்கள். சிலர், "ஒரு நாள் வீணாச்சு" என்பார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? நம் பக்கத்துச் சென்னையில் நடந்ததைக் கேளுங்கள்.

ரிஷிவேலிப் பயணம்

2003-ம் ஆண்டு. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார். மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் ஆந்திராவில் உள்ள ரிஷிவேலிக்குச் சென்றார்கள். அங்கே கிராமப் பள்ளிகளில் பாடம் நடக்கும் விதத்தை நேரில் கண்டார்கள். காதால் கேட்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு அல்லவா?

திரும்பியதும் வகுப்பே மாறிற்று! ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கி, பிள்ளைகளோடு பாயில் அமர்ந்தார். சுவரில், சின்னக் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. பாடம் முழுவதும் அட்டைகளில். ஓர் அட்டையை முடித்த பிள்ளை அடுத்ததற்குப் போகும். முடிக்காத பிள்ளைக்கு அவசரம் இல்லை.

13 பள்ளிகளில் தொடங்கிய இந்த முறை, 2007-ல் தமிழ்நாடு முழுவதும் பரவியது. ஆனால் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களையும் ரிஷிவேலிக்கு அழைத்துப் போக முடியுமா? அட்டை போய்ச் சேருவது சுலபம். அனுபவம் போய்ச் சேருவது சிரமம்.

பிறகு, 2022 ஜூனில், "எண்ணும் எழுத்தும்" திட்டம் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், அழிஞ்சிவாக்கம் பள்ளியில் தொடங்கியது. அதற்கும் பயிற்சி உண்டு.

ஒரு வார்த்தை, பெற்றோர்களே! இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால், ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். அன்றைக்கு மாற்று ஆசிரியர் வந்தால், போனவர் மனம் பயிற்சியில் நிற்கும்.