நீச்சல் குளத்துல விரிசலா? தண்ணியை வடிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஈ.சி.ஆர் பக்கம் ஒரு வில்லா. நவம்பர் மாசம். நாலு நாளா விட்ட மழை இப்பதான் கொஞ்சம் ஓய்ஞ்சிருக்கு. குளத்தைக் கழுவ இறங்கினவர் கண்ணில் சுவரோரமா ஒரு கோடு படுது. பூச்சு வெடிச்சிருக்கு. வீட்டுக்காரருக்கு போன் போட்டா, வர்ற பதில் ஒண்ணுதான்: "மோட்டாரைப் போட்டு முழுசா வடிச்சிடுங்க, கொத்தனாரை வெச்சு பூசிடலாம்."

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அந்த மாசத்துல, அந்த மண்ணுல, இதைவிடப் பெரிய தப்பு வேற இல்ல.

காலிக் குளம் ஒரு படகு

மழைக்காலத்தில் கடலோர மணலில் நிலத்தடி நீர் மேலே ஏறி வந்து நிற்கும். குளத்துக்குள் தண்ணீர் இருக்கும்வரை அதன் எடையே தொட்டியை மண்ணில் அழுத்திப் பிடித்திருக்கும். அதை வடித்துவிட்டால்? கீழே இருக்கும் நீர் தொட்டியை மேல் நோக்கித் தள்ள ஆரம்பிக்கும். ஸ்கூலில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 48,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். எடை 48 டன். அதே குளத்தின் கான்கிரீட் 15 செ.மீ தடிமன் என்று வைத்தால், மொத்த எடை சுமார் 25 டன்தான் வரும். வெளியே நிலத்தடி நீர் விளிம்புவரை நின்றால், மேலே தள்ளும் விசை 48 டன்னுக்கும் அதிகம். விளைவு, தரை பிளக்கும். இல்லையென்றால் தொட்டியே கிளம்பி, சுற்றியுள்ள டைல்ஸையும் பைப்பையும் உடைத்துக்கொண்டு மேலே வரும். பூச்சு விரிசலைச் சரிசெய்யப் போய் புதுக் குளமே கட்ட வேண்டிய நிலை.

அதனால முதல் வேலை, வீட்டுக் கிணத்தை எட்டிப் பாருங்க. கிணத்துத் தண்ணி குளத்தோட தரை மட்டத்துக்கு மேல நிக்குதுன்னா, மோட்டார் பக்கமே போகாதீங்க. கிணறு இல்லைன்னா குளத்துக்குப் பக்கத்துல ஒரு பிவிசி பைப்பை குளத்தின் ஆழத்துக்கு இறக்கிப் பார்க்கலாம். சில குளங்களில் அடியிலுள்ள வடிகால் குழியில் ஹைட்ரோஸ்டாட்டிக் வால்வு வெச்சிருப்பாங்க. வெளி அழுத்தம் கூடினால் அது திறந்து நிலத்தடி நீரை உள்ளே விட்டுவிடும். உங்க குளத்துல அது இருக்கான்னு கட்டினவரிடம் கேட்டு வெச்சுக்கறது நல்லது.

சரி, அது உண்மையிலேயே விரிசல்தானா?

எல்லாக் கோடும் ஆபத்து இல்லை. கொத்தனார்கள் 'ஏர் கிராக்' என்று சொல்லும் முடி அளவுக் கோடுகள், சிமென்ட் அதிகமாகப் போட்ட பூச்சிலும், வெயிலில் வேகமாகக் காய்ந்த பூச்சிலும் சிலந்தி வலை மாதிரி பரவியிருக்கும். பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். நேராகவோ படிக்கட்டு மாதிரியோ நீளமாக ஓடி, சுவரிலிருந்து தரைக்கும் இறங்கும் விரிசல்தான் கவலைக்குரியது. இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, போனில் தேதியோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சில வாரங்களில் கோட்டைத் தாண்டி வளர்ந்தால் பிரச்சினை பூச்சில் இல்லை, அடியிலுள்ள கட்டுமானத்தில். அப்போது கொத்தனார் போதாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் வர வேண்டும்.

நம்ம ஊர்க் குளங்களில் பூச்சுக்கு மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பதால் விரிசல் கண்ணுக்கே தெரியாது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடமாக 'டொக் டொக்' என்று கேட்டால் பின்னாடி பூச்சு விட்டிருக்கிறது. அங்கே இடுக்கில் வெள்ளை சிமென்ட் அப்பிவிட்டுப் போவது மேக்கப்தான்.

பக்கெட் வைத்தியம்

தண்ணீர் கசிகிறதா, வெயிலில் ஆவியாகிறதா? இதற்கு ஒரு பக்கெட் போதும். குளத்தின் படியில் அதை வைத்து, உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிரப்பி, இரண்டு மட்டத்தையும் குறியுங்கள். 24 மணி நேரம் யாரும் இறங்கக்கூடாது, மழையும் பெய்யக்கூடாது. இரண்டும் ஒரே அளவு குறைந்தால் ஆவியானதுதான். குளம் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு. மேலே சொன்ன அளவுக் குளத்தில் தினமும் 1 செ.மீ கசிந்தாலே 320 லிட்டர் போகுது. மாசத்துக்கு 9,600 லிட்டர். சென்னையில் டேங்கர் புக் பண்ணிப் பழகியவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

இதே சோதனையை மோட்டார் ஓடும்போதும் நிறுத்தியும் செய்யுங்கள். ஓடும்போது மட்டும் அதிகம் குறைந்தால் சந்தேகம் பைப்லைன் மேல். மட்டம் ஒரு இடத்தில் வந்து அப்படியே நின்றுவிட்டால், ஓட்டை அந்த உயரத்தில்தான் இருக்கும். விரிசல் பக்கத்தில் சிரிஞ்ச்சில் கொஞ்சம் ஃபுட் கலர் விட்டுப் பார்த்தால், கசியும் இடம் நிறத்தை உறிஞ்சி இழுக்கும். அதுக்கு முன்னாடி மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு, தண்ணி அசையாம நிக்கற வரைக்கும் வெயிட் பண்ணுங்க.

விரிசல் தண்ணீருக்கடி விளக்கை ஒட்டி இருந்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அதுவரை குழந்தைகள் உட்பட யாரும் இறங்கக் கூடாது.

தண்ணீரோடயே அடைக்கலாமா?

அடைக்கலாம். தண்ணீருக்கடியில் இறுகும் எபாக்ஸி புட்டி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். இரண்டு பகுதியையும் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்த விரிசலில் அழுத்த வேண்டும். மழைக்காலத்தைத் தாண்ட இது போதும். நிரந்தரத் தீர்வு என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

முழு வேலையை நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் கோடையில் வைத்துக்கொள்ளலாம். விரிசலை 'V' வடிவில் வெட்டித் திறந்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைத்து, மேலே வாட்டர்புரூஃபிங் கொடுத்துப் பூசுவார்கள். வெயிலில் பூச்சு சீக்கிரம் காய்ந்தால் மறுபடி அதே ஏர் கிராக். பச்சை வலை கட்டி நிழல் கொடுத்து, ஈரச் சாக்கு போட்டு ஆற விடச் சொல்லுங்கள். அவசரப்படுத்துவது பெரும்பாலும் நாமதான்.

பூச்சைத் தின்னும் தண்ணீர்

பி.ஹெச் அளவு 7.2-க்குக் கீழே போனால் தண்ணீர் சிமென்ட்டை அரிக்கும். கால்சியம் குறைவான தண்ணீரும் பூச்சிலிருந்து அதை உறிஞ்சிக்கொள்ளும். தரை சொரசொரப்பாக மாறுவது அதன் அடையாளம். 7.8-க்கு மேலே போகவும் கூடாது. குளோரின் மாத்திரையைத் தரையில் அப்படியே போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்க, அது அமிலத்தன்மை உள்ளது.

குளத்தைக் கழுவும்போது ஆசிட் ஊற்றித் தேய்ப்பதும் பூச்சை மெலிதாக்கும். அதே இடத்தில் ப்ளீச்சிங் பவுடரும் இருந்தால் இன்னும் மோசம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, காலிக் குளத்தின் அடியிலேயே தங்கும். அங்கே குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள் தினக்கூலிக்கு அழைத்து வந்த ஆள். வேலை ஆரம்பிக்கும் முன் அவர் கையில் என்ன டப்பா இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.