நான்காமவரின் கல்வி

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை வகுத்தபோது, அதன் பத்துக் குறள்களிற் பெரும்பாலானவற்றை உண்ணும் அளவுக்கும் பசியறிந்து உண்ணும் முறைமைக்குமே ஒதுக்கினார். மருத்துவன் இறுதியிலேதான் வருகின்றான். அவனையும் நோயாளியையும் மருந்தையும் கூறியபின், அருகிருந்து துணைபுரிபவனையும் சேர்த்து, மருத்துவம் நான்கு பகுதியுடையது என்று அவர் முடிக்கின்றார். அந்நான்காமவரை எங்ஙனம் பயிற்றுவது என்பது நம் நாட்டில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகத் தொடரும் வினாவாகும்.

1926 ஆம் ஆண்டு களுத்துறையில் ஒரு சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. எல்லை வகுக்கப்பட்ட ஒரு பிரதேசம், அதற்கொரு வைத்திய அதிகாரி, அவருக்குத் துணையாகப் பரிசோதகர்களும் மருத்துவமாதர்களும் என்ற அமைப்பு அங்கே உருப்பெற்றுப் பின்னர் நாடெங்கும் பரவியது. அந்நிலையமே இன்று தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகமாக விளங்குகின்றது. நம்மூரார் குடும்பநல மாது என அழைக்கும் உத்தியோகத்தர் 18 மாதப் பயிற்சி பெற்று, சில ஆயிரம் மக்களைக் கொண்ட ஒரு பகுதியைப் பொறுப்பேற்கின்றார். வீடுவீடாகச் சென்று கருவுற்ற தாயைப் பதிவுசெய்கின்றார். குழந்தையை நிறுத்து வளர்ச்சிக் கோட்டைக் குறிக்கின்றார். 1930களில் ஓரிலட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 2,000 ஆக இருந்த தாய்மார் இறப்பு, அண்மைக் காலத்தில் 50க்கும் கீழாகக் குறைந்தமைக்குப் பெண்கல்வியும் மலேரியாக் கட்டுப்பாடும் காரணங்களாயினும், இம்மாதர்களின் கால்நடைக்கும் அதிற் பெரும் பங்குண்டு.

எனினும், 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். உலகம் வியக்கத்தக்க வெற்றி இது. ஆனால் ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் நூற்றுக்கு 15 பேர் உயரத்துக்கேற்ற நிறையின்றி மெலிந்தும், 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குறுகியும் காணப்பட்டனர். தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா மாவட்டத்திலோ அவ்வாறு குறுகியோர் நூற்றுக்கு 32 பேர். தாயின் மார்பு தருவதில் வென்ற அறிவுரை, அடுப்பிலுள்ள பானை தரவேண்டியதில் ஏன் தயங்கி நிற்கின்றது?

தாய்ப்பாலைக் கடையில் வாங்கவேண்டியதில்லை. பானையை நிரப்பப் பணமும் பொழுதும் வேண்டும். பொழுது புலருமுன் கொழுந்து பறிக்கச் செல்லும் தாயிடம் முட்டையும் பாலும் மீனும் கொடுக்குமாறு மனப்பாடமாய் ஒப்புவிப்பது, அவளது வறுமையை அவளுக்கே எடுத்துரைப்பதாகவே முடியும். ஆதலால் ஆலோசகர் கற்கவேண்டிய முதற்பாடம், கேட்டறிதல்.

இரத்தச்சோகையுற்ற ஒரு கர்ப்பிணியை எடுத்துக்கொள்வோம். ‘ஈரல் சாப்பிடும்’ என்று கூறித் திரும்புவது எளிது. ‘பிள்ளை, தேத்தண்ணி எப்ப குடிக்கிறனீர்?’ என்று கேட்பவரோ, அவள் சோற்றோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் தேநீர் அருந்துவதை அறிந்துகொள்வார். தேயிலையின் துவர்ப்பொருள் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். தேசிக்காயின் புளிப்பு அதற்குத் துணைசெய்யும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதற்கும், முருங்கையிலை வறையில் அரைத் தேசிக்காயைப் பிழிவதற்கும் பெருஞ்செலவில்லை. குழந்தையின் கஞ்சியும் இத்தகையதே. நீர்த்த கஞ்சி சிறுவயிற்றை நிறைக்குமேயன்றி வலுவூட்டாது. அதனைக் கெட்டியாக்கிப் பருப்பை மசித்து, நெத்தலித் தூளும் சிறிது தேங்காய்ப் பாலும் சேர்த்தால் அதே கிண்ணம் உணவாகிவிடும். இவ்வுண்மைகள் நூலிலுள்ளன, எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பது வினவினாலன்றி விளங்காது.

இரண்டாம் பாடம் மொழி. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். உடலமைப்பும் உடற்றொழிலும் சுகாதாரமும் கூறும் நூலைத் தமிழாக்கினார். சுகாதாரக் கலைக்கு அவர் ஆண்ட சொல் ‘உற்பாலனம்’. ஆங்கிலத்திற் கற்றோர் பதவி நாடிச் செல்வர், தமிழிற் கற்றோர் ஊரிலேயே தங்கிப் பணிபுரிவர் என்பது அவர் கருத்து. இன்று அச்சொல் வழக்கிழந்ததாயினும் அக்கருத்து வழக்கிழக்கவில்லை. ‘புரதம்’ என்ற சொல்லைத் தாய் அறியாதிருக்கலாம்; பயற்றையும் உழுந்தையும் அறிவாள். தமிழ் பேசும் தோட்ட மக்களிடம் தமிழறியாதவர் அறிவுரை கூறச் சென்றால், அவர் கையிலுள்ள தராசு மட்டுமே பேசும்.

அறிவுரைக்கும் எல்லையுண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. 2022 செப்டெம்பரில் உணவு விலை முந்திய ஆண்டினும் நூற்றுக்கு 90க்கு மேல் உயர்ந்திருந்தபோது, எந்த ஆலோசகரின் சொல்லும் வெறும்பானையை நிரப்பியிராது. 1973 இல் திரிபோஷாத் திட்டம் தோன்றியதும் சொல் மட்டும் போதாமையினாலேயே. ஆகவே கண்டதைக் குறித்து மேலிடத்துக்கு அஞ்சாது எடுத்துரைப்பதும் பயிற்சியின் மூன்றாம் பாடமாதல் வேண்டும். தாய்க்கு அரசின் அறிவைக் கொண்டுசெல்பவர், அரசுக்குத் தாயின் நிலையைக் கொண்டுவரவும் கடமைப்பட்டவர்.

கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட ஆசிரியர்களுக்கு இதிற் புதுமை யாதுமில்லை. மாணவன் நிற்குமிடத்தை அறியாது தொடங்கும் பாடம் அவனைச் சென்றடைவதில்லை. அடுக்களையும் ஒரு வகுப்பறையே. அங்கே கற்பிக்கச் செல்பவர் முதலிற் சற்று அமர்ந்து கேட்கட்டும்.