எலுமிச்சையின் இரவல் வேர்

எலுமிச்சை நாற்று ஒன்றைப் பிடுங்கி, மண்ணை அலசிவிட்டு வேரைப் பாருங்கள். சோளத்தின் வேரில் பஞ்சுபோல் அடர்ந்திருக்கும் வேர்த்தூவிகள் இதில் அரிது, இருப்பவையும் குட்டை. மண்ணோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும் மணிச்சத்தை இந்த மொட்டை வேர் எப்படித்தான் எடுக்கிறது?

விடை கிடைத்தது ஒரு தவற்றினால். அமெரிக்க நாற்றங்கால்களில் நோய்க்கிருமிகளை ஒழிக்க மண்ணுக்குள் நச்சுவாயு செலுத்தினார்கள். கிருமி ஒழிந்தது, ஆரஞ்சு, எலுமிச்சை நாற்றுகளோ வளராமல் குன்றி நின்றன. நச்சு மிச்சமிருக்கிறது என்று சந்தேகப்பட்டார்கள். 1972-இல் கிளைன்ஷ்மிட், கெர்டெமான் என்ற இருவர் வேறு காரணம் காட்டினார்கள்: நாற்றுக்குச் சோறூட்டிய பூஞ்சையும் கூடவே செத்திருந்தது. அதைத் திரும்பச் சேர்த்ததும் நாற்று நிமிர்ந்தது.

அதுதான் வேர் உட்பூசணம். நம் விவசாயிகளுக்கு 'வாம்'. வேரின் செல்லுக்குள் குட்டி மரம்போல் கிளைத்து, வெளியே தலைமுடியைவிட மெல்லிய இழைகளைச் சில சென்டிமீட்டர் தூரம் ஓட்டும். மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இலை சமைத்த சர்க்கரையைக் கூலியாக வாங்கிக்கொள்ளும். 40 கோடி ஆண்டுப் பழைய ஏற்பாடு இது. மணிச்சத்து உரத்தை நாம் அள்ளிக் கொட்டினால், மரம் கூலியைக் குறைத்துவிடும்.

இந்தப் பூஞ்சைக்கு ஒரு வீம்பு உண்டு: உயிருள்ள வேர் இல்லாமல் பெருகாது. இயற்கை விவசாயிகள் ஊறவைக்கும் ஜீவாமிர்தக் கரைசலில் போட்டும் இதைப் பெருக்க முடியாது; அந்த டிரம்மில் இருக்கும் சாணமும் வெல்லமும் பயறு மாவும் பாக்டீரியாக்களுக்குத்தான் விருந்து. ஆகவே மக்காச்சோளம் போன்ற பயிர்களின் வேரில் இதை வளர்த்து, அந்த வேரும் மண்ணுமாகத்தான் பொட்டலம் போடுகிறார்கள். நாற்று நடும்போதே வேரில் படும்படி இடுவது உத்தமம். வளர்ந்த மரமென்றால் தூரில் கொட்டிப் பயனில்லை. இளவேர்கள் கிளை கவியும் வட்டத்தில், மேல்மண்ணில்தான் பரவியிருக்கும்.

தண்ணீர் தேங்கும் தோட்டத்தில் இன்னொரு தொல்லை, பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமி. வேரை அழுகவைத்து அடிமரத்தில் பிசின் வடியவைக்கும். அதைச் சுற்றி வளைத்து நொதியால் கரைத்துத் தின்பது டிரைக்கோடெர்மா என்ற வேறொரு பூஞ்சை. மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரத்தோடு நிழலில் சில நாள் மூடிவைத்துப் போட்டால் பெருகும். ஆனால் வடிகால் வெட்டாமல் பொட்டலத்தை மட்டும் நம்புவது வீண்செலவு.

புல் பூண்டு இல்லாமல் உழுது வைத்த தோட்டத்தைப் பார்த்தால் நமக்குப் பெருமைதான். ஆனால் ஒவ்வொரு உழவிலும் வாம் பூஞ்சையின் இழைகள் அறுந்துபோகின்றன. ஊடே தட்டைப்பயறு விதைத்தால் அதன் வேரிலும் இதே பூஞ்சை குடியேறி, பக்கத்து எலுமிச்சைவரை இழை நீட்டும்.